'இது' மட்டும் வந்தால்

பீவர் என்றொரு விலங்கு. வட அமெரிக்க ஆறுகளில் மரத்தைக் கொறித்துச் சாய்த்து அணை கட்டும். பெயர் சொல்லும் திறனைச் சோதிக்கப் பல நாடுகளில் புழங்கும் பாஸ்டன் படத் தொகுப்பில் மொத்தம் 60 கோட்டோவியங்கள். கட்டிலில் தொடங்கி மணிச்சட்டத்தில் முடியும். நடுவே இந்தப் பீவர் வரும், இக்ளூ என்ற பனிக்கட்டி வீடு வரும், பிரெட்சல் என்ற முறுக்கு மாதிரியான ரொட்டி வரும். கோவில்பட்டிக்காரர் ஒருவரிடம் பீவர் படத்தை நீட்டினால் 'பெருச்சாளி' என்பார், இல்லாவிட்டால் விழிப்பார். சாதாரண நாளில் அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வலிப்பு அறுவைக்காக அவர் மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேலடுக்கான புறணியின் ஒரு புள்ளியில் 4 மில்லி ஆம்பியர் பாய்ச்சி, அந்த நாலு விநாடிக்குள் இதே படத்தைக் காட்டினால்? அவர் விழித்தது கரண்டாலா, பீவராலா? கரண்டால் என்றால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. பீவரால் என்றால், வலிப்பு கிளம்பும் திசுவை ஒரு படத்துக்குப் பயந்து விட்டுவைத்துவிட்டு மண்டையை மூடுகிறோம். அவருக்கு ஃபிட்ஸ் தொடர்கிறது.

அறுவைக்கு முன் மூளையின் வேலைகளைக் குறித்துக்கொள்ளும் இந்தக் காரியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் மெஷினுக்குத்தான் போகிறார்கள். ஸ்கேனர் எத்தனை டெஸ்லா, எலக்ட்ரோடு எத்தனை, ரோபோ உண்டா. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த வரைபடத்தில் பாதியை வரைவது கேள்வி. எந்தப் படம், எந்த மொழி, எத்தனை விநாடி, எந்தப் பதிலைத் தவறு என்று குறிப்பது. இதைப் பற்றி நம் பக்கம் பேசுவோர் குறைவு என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

ஒளிர்வதும் அணைவதும்

மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளை ஒளிர்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஒளிர்வது ஒன்றுமில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடி, 5, 6 விநாடி கழித்து உச்சத்தைத் தொடுகிறது. ரத்தத்தின் ஆக்சிஜனில் ஏற்படும் அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்கேனர் பிடிக்கிறது. 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வு என்று மாறி மாறி ஓடும். 'கத்தி' என்று காட்டினால் மனதுக்குள் 'வெட்டு', 'பந்து' என்றால் 'எறி'. வாயைத் திறந்தால் தலை அசைந்து படம் கெடும் என்பதால் மனதுக்குள்தான். அவர் சொல்லைத் தேடினாரா, குழாய்க்குள் கண்ணயர்ந்தாரா என்று வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியிலேயே ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

வந்த படத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த அளவுக்கு மேலே போனால் நிறம் போடுவது என்பதைக் கணிப்பொறி முன் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். வரம்பை ஏற்றினால் சிவப்புப் பொட்டு சுருங்கும், இறக்கினால் விரியும். தரவு அதேதான். ஆகவே பொட்டின் ஓரத்தை வெட்டுக்கோடாக எடுத்துக்கொள்வது ஆபத்து. போதாததற்கு, காதுக்கு உட்புறமாக இருக்கும் டெம்போரல் மடலின் அடிப்பக்கம் காதெலும்புக் காற்றறைகளுக்கு அண்டை வீடு. காற்றும் எலும்பும் சேரும் இடத்தில் சிக்னல் செத்துவிடும். வலிப்பு அறுவையில் அதிகம் கைவைக்கும் மடலும் அதுதான். சிக்னல் இல்லாததால் நிறம் இல்லை, நிறம் இல்லாததால் வேலை இல்லை என்று யாராவது படித்துவிட்டால் முடிந்தது கதை.

ஒரு கேள்விக்கு மட்டும் எஃப்எம்ஆர்ஐ-யைத் தெம்பாக நம்பலாம்: பேச்சு இடப்பக்கமா, வலப்பக்கமா? இடப்பக்கம் நிறம் விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து வலப்பக்கத்தைக் கழித்து, கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். +0.2-க்கு மேல் இடம், -0.2-க்குக் கீழ் வலம், நடுவில் இருந்தால் இரு பக்கமும் என்பது வழக்கமான வாசிப்பு. அமெரிக்க நரம்பியல் அகாதமியும் 2017 வழிகாட்டலில் டெம்போரல் வலிப்பில் பேச்சின் பக்கத்தை அறிய, தமனி ஊசி போடும் பழைய சோதனைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றது.

பக்கம் தெரிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். கல்யாண வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். யார் போனால் பந்தி நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவராகக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும். ஓடுபவர்களைக் காட்டுவது எஃப்எம்ஆர்ஐ. வெளியே அனுப்பிப் பார்க்கும் வழிகள் இரண்டு: ஒன்று ஊசி, மற்றொன்று கரண்ட்.

அரை மூளைக்குச் சில நிமிடத் தூக்கம்

முதலாவதின் பெயர் வாடா சோதனை. யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போல இருந்தாலும் அது ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலிருந்து 1949இல் அவர் இதை எழுதினார். பிறகு மாண்ட்ரியல் போய், தியோடர் ராஸ்முசெனோடு சேர்ந்து 1960இல் வெளியிட்ட பிறகு உலகம் கவனித்தது. தொடைத் தமனியில் துளையிட்டு, மெல்லிய குழாயைக் கழுத்தின் உட்புறக் கரோட்டிட் தமனி வரை ஏற்றி, முதலில் சாயம் விட்டு ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் 100 முதல் 125 மில்லிகிராம் அமோபார்பிட்டல் என்ற தூக்க மருந்து, நாலைந்து விநாடியில், கையாலேயே. நோயாளி இரு கைகளையும் தூக்கியபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து போன பக்கத்துக்கு எதிர்க்கை வாழைத்தண்டு போல விழும். பேச்சுக்குரிய பக்கமானால் எண்ணிக்கையும் அங்கேயே நிற்கும்.

கையில் இருப்பது சில நிமிடம்தான். அதற்குள் கட்டளை, பெயர், திருப்பிச் சொல்லல், வாசிப்பு என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: இடப்பக்கம் மருந்து போட்டுவிட்டு 'வலது கையைத் தூக்குங்க' என்று கேட்பது. அந்தக் கை செயலிழந்து கிடக்கிறது. அவருக்குப் புரிந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. 'கண்ணை மூடுங்க', 'நாக்கை நீட்டுங்க' என்று நடுக்கோட்டு உறுப்புகளைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று மொழிபெயர்ப்பாளர். ஒருவர் இங்கிலீஷில் சொல்லி இன்னொருவர் தமிழில் மாற்றினால் நேரத்தில் பாதி கரைந்துவிடும். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் ஏராளம். மலையாளத்தில் 'வெள்ளம்' தண்ணீர், நமக்கு அது ஊரை அழிப்பது. அன்றாடப் பேச்சில் இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். அரை மூளை தூங்கும்போது கேட்கும் கேள்வியில் கடக்க முடியாது.

பேச்சுக்காகப் பிறந்த சோதனை நினைவுக்கும் போனதற்கு ஒரு சோகமான பின்னணி உண்டு. மாண்ட்ரியலில் நரம்பறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டின் நோயாளி ஒருவர், தொழிலில் சிவில் இன்ஜினியர். இடது டெம்போரல் மடலில் இரண்டு கட்டமாக அறுவை. முதல் கட்டத்தில் பக்கவாட்டுப் பகுதி மட்டும். நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் நினைவைப் பதியவைக்கும் உட்புற ஹிப்போகேம்பஸும் எடுக்கப்பட்டது. அதன்பின் அன்றாட நிகழ்ச்சிகள் அவர் மனதில் தங்கவே இல்லை. எடுத்தது ஒரு பக்கம்தான். மறுபக்கம் இருக்கிறதே, ஏன் இப்படி? மறுபக்கம் முன்பே சேதமாகியிருக்க வேண்டும் என்று பென்ஃபீல்டும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் ஊகித்தார்கள். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்ததில் அறுவை செய்யாத வலப்பக்க ஹிப்போகேம்பஸ் சுருங்கிக் கிடந்தது தெரிந்தது. அந்த அறிக்கை 1974இல் வெளியானது. வெட்டுவதற்கு முன் வெட்டப்போகும் பக்கத்தைத் தூங்கவைத்து, மிச்சப் பக்கத்தால் நினைவைத் தாங்க முடியுமா என்று பார்த்தால் என்ன? 1962இல் மில்னரும் சகாக்களும் வாடா சோதனையில் நினைவைச் சேர்த்தது இதற்காகத்தான். மருந்தின் வீச்சு இருக்கும்போது எட்டுப் பத்து பொருள்களைக் காட்டி, தெளிந்த பிறகு புதுப் பொருள்களோடு கலந்து 'இதைப் பார்த்தீங்களா?' என்று கேட்பது.

இதிலும் ஓட்டை உண்டு. ஹிப்போகேம்பஸின் பின்பகுதிக்கு ரத்தம் பின்புறத் தமனியிலிருந்து வருகிறது. கரோட்டிடில் போட்ட மருந்து பெரும்பாலும் அங்கே எட்டாது. நோயாளி அரைத்தூக்கத்தில் இருந்தால் நினைவு போனதா, கவனம் போனதா என்று பிரிக்க முடியாது. அமோபார்பிட்டல் கிடைப்பதும் திண்டாட்டமாகி, பல இடங்களில் எட்டோமிடேட், மெத்தோஹெக்ஸிட்டால் என்று மாறிவிட்டார்கள். மெத்தோஹெக்ஸிட்டாலின் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும், கேள்விகளும் அதற்கேற்பக் குறுக வேண்டும்.

ஒரு புள்ளி, நாலு விநாடி

கரண்டுக்கு வருவோம். புறணி மேல் விரிக்கும் கிரிட் என்பது சிலிக்கான் ரப்பர் தாளில் பதித்த பிளாட்டினம் தட்டுகள். நடுவிலிருந்து நடுவுக்கு 1 சென்டிமீட்டர், 8 வரிசை, 8 பத்தி, ஆக 64. ஆழத்துக்குப் போகும் எஸ்இஇஜி கம்பி 0.8 மில்லிமீட்டர் தடிமன். அதில் 2 மில்லிமீட்டர் நீளத் தொடுமுனைகள். கம்பிகளோடு நோயாளி வார்டில் சில நாள் இருப்பார். முதலில் மாத்திரையைக் குறைத்து வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று பதிவு செய்வார்கள். மேப்பிங்குக்கு முன் மாத்திரையைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அதை மறந்தால் ஒவ்வொரு தூண்டலும் ஒரு வலிப்பில் முடியும்.

வழக்கம் இதுதான்: 50 ஹெர்ட்ஸ், ஒரு துடிப்பு 0.3 மில்லி விநாடி, 3 முதல் 5 விநாடி. 1 மில்லி ஆம்பியரில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுவது. கிரிட்டில் 10, சில இடங்களில் 15 வரை போவார்கள். ஆழக் கம்பியில் அவ்வளவு போவதில்லை, சில மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏதாவது ஒரு விளைவு தெரியும்வரை, அல்லது மூளையின் மின்னலைப் பதிவான இஇஜி-யில் பின்னலைகள் வரும்வரை ஏற்றலாம். பின்னலை என்பது கரண்டை நிறுத்திய பிறகும் புறணி தானாகத் துடித்துக்கொண்டிருப்பது. அது வந்துவிட்டால் அந்த முயற்சி செல்லாது. பேச்சு நின்றிருந்தாலும் அது நாம் தொட்ட புள்ளியால் நின்றதா, பரவிய அலையால் பக்கத்துப் புள்ளியில் நின்றதா என்று சொல்ல முடியாதே! அறுவை அரங்கில் விழிப்போடு செய்யும்போது பின்னலை வலிப்பாக மாறப் பார்த்தால், தயாராக வைத்திருக்கும் குளிர்ந்த ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலைப் புறணியில் ஊற்றுவார்கள்; பெரும்பாலும் விநாடிகளில் அடங்கிவிடும். குழந்தைகளில் இன்னொரு சங்கடம்: சிறு வயதுப் புறணி இந்த அளவுக் கரண்டுக்கு அசைந்தே கொடுக்காது. துடிப்பின் அகலத்தைக் கூட்டினால்தான் கை அசையும். 'ஒன்றும் இல்லை' என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

இனி 'இது'. படம் காட்டும்போது வெறும் பெயரைச் சொல்லச் சொல்வதில்லை. ஒரு தொடக்கச் சொல்லோடு சொல்லப் பழக்குவார்கள். தமிழில் அது கச்சிதமாக அமைகிறது: 'இது ஆடு', 'இது பூட்டு'. கரண்ட் ஓடும்போது 'இது...' வந்து, பெயர் வராமல் நின்றால், வாயும் நாக்கும் குரலும் நன்றாக இருக்கின்றன, சொல் மட்டும் சிக்கவில்லை என்று பொருள். 'இது'வே வரவில்லை என்றால் பேச்சு இயந்திரம் நின்றிருக்கிறது. உடனே படத்தை விட்டுவிட்டு, அதே புள்ளியில் நாக்கை நீட்டி இடமும் வலமும் ஆட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாக்கும் நின்றால் அது மொழியின் இடம் அல்ல, அசைவின் இடம். 'இது பேனா' என்று பென்சிலைச் சொன்னால் ஒரு வகைப் பிழை, 'இது பெஞ்சில்' என்று ஒலி பிறழ்ந்தால் வேறு வகை, முந்தைய படத்தின் பெயரையே திரும்பச் சொன்னால் இன்னொரு வகை. நடுநடுவே கரண்ட் இல்லாமல் வெறும் படமும் காட்ட வேண்டும், நோயாளிக்குச் சொல்லாமல். அதிலும் தடுமாறினால் அவர் களைத்துவிட்டார். அன்றைக்கு மூட்டை கட்டலாம். ஒரே புள்ளியை அடுத்தடுத்துத் தூண்டக் கூடாது. சுற்றி வந்து மூன்று முறையாவது தொட வேண்டும்.

பென்ஃபீல்ட் காலத்தில் விளைவு கிடைத்த புள்ளியில் எண் எழுதிய சின்னக் காகிதத் துண்டை மூளை மேலேயே வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சிஎம்சியில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். மாண்ட்ரியல் வழி அப்படித்தான் நேராக வட ஆற்காட்டுக்கு வந்தது. மாண்ட்ரியல் நோயாளி ஒருவர் பட்டாம்பூச்சிப் படத்துக்குப் பெயர் கிடைக்காமல் திணறி, கரண்ட் நின்றபின், அது வராததால் அந்துப்பூச்சியின் பெயரையாவது பிடிக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை என்று விளக்கினார். இங்கிலீஷில் இரண்டும் ஒட்டுறவே இல்லாத இரு சொற்கள். தமிழில் இரண்டிலும் பாதி 'பூச்சி'. நம் ஆள் 'இது... பூச்சி' என்றால் அதைச் சரி என்பதா, தப்பு என்பதா? ஒட்டுச் சொற்களைத் தொகுப்பிலிருந்தே கழித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். நாலு விநாடிக்குள் அடங்க வேண்டும் என்பதாலும் ஈரசை, மூவசைச் சொற்களே மேல்.

சியாட்டிலில் நரம்பறுவை நிபுணர் ஜார்ஜ் ஓஜ்மன் 1989இல் 117 நோயாளிகளின் புள்ளிகளை ஒன்றாக அடுக்கிக் காட்டினார். பெயர் சொல்வதற்கு இன்றியமையாத இடங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் திட்டுகள். ஆனால் ஆளுக்கு ஆள் இடம் வேறு. பாடநூலில் மொழிக்கான இடங்கள் என்று வண்ணம் தீட்டிய ப்ரோக்கா, வெர்னிக்கே வட்டங்களை நம்பி வெட்டினால் ஒருவருக்குப் பாதுகாப்பானது இன்னொருவருக்குப் பேச்சைக் கொண்டுபோய்விடும். வெட்டுக்கோடு அந்தத் திட்டிலிருந்து 1 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்ற நடைமுறை இந்தப் பள்ளியிலிருந்து வந்ததுதான்.

1978லேயே ஓஜ்மனும் விட்டேக்கரும் இருமொழியாளர் இருவரில் இன்னொன்றையும் பார்த்திருந்தார்கள்: சில புள்ளிகளில் இரண்டு மொழியும் தடைபடுகின்றன, சிலவற்றில் ஒன்று மட்டும். 2004இல் 25 இருமொழியாளரிடமும் இதே கதை. அப்படியானால் வீட்டில் தமிழும் ஆபீசில் இங்கிலீஷுமாக வாழும் ஒருவரை இங்கிலீஷில் மட்டும் சோதித்துவிட்டு 'மொழி பத்திரம்' என்று எழுதலாமா? எழுதலாம், அவர் அம்மாவோடு பேசுவது மொழி இல்லை என்றால்.

கேட்காத கேள்வி

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் திருப்பம் எந்த மெஷினிலும் நடக்கவில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்லா ஹாம்பெர்கர் ஒரு முரணைக் கவனித்தார். டெம்போரல் மடலின் முன்பகுதியில் படத்துக்குப் பெயர் சொல்லும் புள்ளிகள் அரிது. ஆகவே அங்கே வெட்டலாம் என்பது நடைமுறை. வெட்டினார்கள். பெயர்ப் புள்ளிகளை எல்லாம் காப்பாற்றிய பிறகும் சிலர் திரும்பி வந்து, பேச்சு நடுவில் சொல் கிடைக்கவில்லை என்றார்கள். எங்கே பிசகு? நாம் பேசும்போது யாரும் நம் முன் படத்தை நீட்டுவதில்லை என்பதுதான். ஹாம்பெர்கர் படத்தை விட்டுவிட்டு, வாயால் ஒரு விவரணை சொல்லி, அதற்குரிய பெயரைக் கேட்டார். 2001இல் வெளியான முடிவு: படத்துக்குத் தடையே காட்டாத முன்பகுதிப் புள்ளிகளில் காதால் கேட்டுப் பெயர் சொல்வது தடைபட்டது. அதுவரை 'மௌனம்' என்று குறித்து வெட்டிய புள்ளிகளில் சில மௌனமாகவே இல்லை. அவற்றிடம் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெம்போரல் மடலின் அடியில் ஒரு பகுதியைத் தூண்டினால் பேச்சு, புரிதல் எல்லாம் நின்றுவிடும் என்று கிளீவ்லாந்தில் ஹான்ஸ் லூடர்ஸ் குழு 1986இல் காட்டியது. ஆனால் அதை வெட்டியபின் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தடைபட்டதெல்லாம் தொடக் கூடாதது அல்ல, தடைபடாததெல்லாம் தொடத்தக்கதும் அல்ல. வரைபடத்தைப் படிக்கிறவர் இந்த இரண்டையும் ஒரே கையில் பிடித்திருக்க வேண்டும்.

காதால் கேட்டுப் பெயர் சொல்லும் சோதனையைத் தமிழில் செய்ய நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது விடுகதை. வேண்டாம். விடுகதை ஒளித்துச் சொல்வது. விடை தெரியாதவர் கரண்ட் இல்லாமலேயே விழிப்பார். 'மழைக்குப் பிடிப்பது', 'பூட்டைத் திறப்பது', 'ராஜா தலையில் வைப்பது' என்று நேராக இருக்க வேண்டும், மூன்று சொல்லுக்குள். தமிழில் வினை கடைசியில் வருவதால் கேட்பவருக்கு விடை பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் உறுதியாகும். 'பூட்டை' என்று கேட்டதுமே சாவி தோன்றிவிடும், ஆனால் 'மழைக்கு' என்பதில் எதுவும் தோன்றாது. கரண்ட் கேள்வியோடு தொடங்கி, விடை சொல்லி முடியும்வரை ஓட வேண்டும். கேள்வி நீண்டால் விடை வரும் முன் கரண்ட் நின்றுவிடும். வாய்க்கு வந்த சரியான பெயர் எதையும் நிரூபிக்காது.

எழுத்தைச் சொல்லி அதில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்லும் சோதனையிலும் இதே கதை. இங்கிலீஷில் அது எஃப், ஏ, எஸ். முதல் ஒலியை எழுதவே நாம் ஆய்தத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பில் க, ப, ம என்று மாற்றினார்கள். தமிழுக்கு அது பொருந்தும். ஓசை ஒத்த சொல்லைத் தேடச் சொல்லும் எஃப்எம்ஆர்ஐ வேலையோ சொல்லின் கடைசி ஒலி பொருந்துவதைக் கேட்கிறது. தமிழ்க் காது எதுகைக்குப் பழகியது, இரண்டாம் எழுத்தைப் பிடிக்கும். இதை மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

முந்தைய நாளே

இதற்கெல்லாம் புது மெஷின் வேண்டாம். தூண்டலுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரமும் ஒரு பேனாவும் வேண்டும். முழுத் தொகுப்பையும் நோயாளியிடம் காட்டி, ஒவ்வொரு படத்தையும் நாலு விநாடிக்குள் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். தயங்கியதை, திருத்திக்கொண்டதை, இரண்டு பெயர் சொன்னதைக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவருக்குக் கோட்டோவியம் பிடிபடாது. வண்ணப் புகைப்படம் வேண்டும். குடைக்கு அவர் 'அம்ப்ரெல்லா' என்று சொல்லும் ஆளானால், தமிழ்ச் சுற்றில் கரண்ட் ஓடும்போது 'அம்ப்ரெல்லா' வந்தால் மொழி தாவிவிட்டது என்று எழுதக் கூடாது; அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்கிறார். 'சீப்பு' தலைவாருவதும் ஆகும், வாழைப்பழக் கொத்தும் ஆகும். ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதன் படத்தை எடுத்துவிட வேண்டும்.

படத்துக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது அகராதிப் பெயர் அல்ல, அவர் வீட்டுப் பெயர். தோசையைத் திருப்பிப் போடும் தகட்டை ஒரு வீட்டில் தோசைக்கரண்டி என்பார்கள், ஒரு வீட்டில் திருப்பி, இன்னொரு வீட்டில் சட்டுவம். முந்தைய நாள் அவர் மூன்று தடவையும் 'சட்டுவம்' என்றிருந்து, மறுநாள் 23ஆம் புள்ளியில் 5 மில்லி ஆம்பியர் ஓடும்போது 'இது... கரண்டி' என்றால், வேறு வீட்டுக்காரருக்கு அது பாஸ், இவருக்குத் தவறு. பின்னலை வந்ததா என்று இஇஜி பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டுவத்துக்கு நேரே 23 என்று குறித்துவிட்டு, நாலைந்து வேறு புள்ளிகளுக்குப் போய்விட்டு, வேறொரு படத்தோடு மறுபடி 23-க்கு வர வேண்டும்.